என் முழங்காலுக்கு நீ சொன்ன பதில்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு இப்போது மனம் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரியும். நான் நலமாக இல்லை என்பதை நீயே உலகம் முழுவதற்கும் அறிவித்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் ஹம்பேர்க் முகவரிக்கு அனுப்பாமல், நமது ஹம் நகரத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னவனுக்கு ஊர் வழியாகவே பதில் வரட்டும். அந்தப் பாடசாலையில்தானே சனிக்கிழமை தோறும் மூக்குச் சிந்திக்கொண்டு தமிழ் படித்தாய். எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி.

சென்ற மாதம் ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து உன் மாமியின் அழைப்பு. வழக்கமாகச் சாப்பாட்டில் தொடங்குகிறவள் அன்று நேரே விஷயத்துக்கு வந்தாள். "என்ன மச்சாள், படகை விக்கிறியளாம்?" என்றாள். "ஆர் சொன்னது?" என்றேன். "உங்கட மோன்தான் குறூப்பிலை போட்டிருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, இனிப் படகு ஓட மாட்டா, ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ எண்டு. படமும் போட்டிருக்கிறான், நீங்கள் பாக்கேல்லையே?" என்றாள். நான் எங்கே பார்த்தேன்? அந்தக் குடும்பக் குழுவில் விடிந்தால் ரோசாப்பூவும் காலை வணக்கமும் வந்து குவிகின்றன, நான் திறப்பதே இல்லை. அன்று கையைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். நான் படகின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது நீயே எடுத்த படம் அது. என்னை வெட்டிவிட்டுப் போட்டிருந்தாய். சுக்கானில் என் கையின் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே ஆளுக்கொரு வைத்தியம். முடக்கொத்தான் ரசம் வைக்கட்டாம். உள்ளியை நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசட்டாம். உன் பெரியப்பா மட்டும், "நல்ல முடிவு தம்பி, பொம்பிளையளுக்கு இது தேவையில்லாத வேலை" என்று எழுதியிருந்தார். அதற்கு நீ ஒரு கைகூப்பிய படம் போட்டிருந்தாய். என் வீட்டுக் கூரைக்கு மேல் நெருப்பு வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

மலரை வாசிக்கிறவர்களில் சிலருக்கு இந்தப் படகுக் கதை தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், நீயும் கேட்டுக்கொள். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் சைக்கிளில் கால்வாய்க் கரையால்தான் போனேன், வந்தேன். ஒரு கோடைக் காலையில் ஒரு சின்னப் படகு என் வேகத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அதில் நரைத்த தலையோடு ஒருத்தி, ஒரு கையில் சுக்கான், மறு கையில் கோப்பி. என்னைப் பார்த்துக் கோப்பையை உயர்த்திக் காட்டினாள். நான் அன்று பத்துப் பேரைக் குளிப்பாட்டப் போய்க்கொண்டிருந்தவள். எனக்கு வந்தது பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன். ஓய்வு பெற்றதும் படகோட்டும் அனுமதிக்குப் படித்தேன். கேள்விகளை ஜேர்மனிக்கு வந்து கற்ற டொச் மொழியிலேயே மனப்பாடம் செய்தேன், முடிச்சுகளை வீட்டுக் கதவுப் பிடியில் போட்டுப் பழகினேன், முதல் தடவையிலேயே தேறினேன். அதன் பிறகு ஒரு பழைய படகை வாங்கினோம். நெருக்கினால் நான்கு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு சின்ன மேசை. அவ்வளவுதான் அதன் ஆடம்பரம்.

வாங்கிய அன்று உன் அப்பா எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். புது வாகனத்தின் சில்லுக்கு அடியில் வைத்து நசிப்பதுபோல் செய்ய வேண்டுமாம். படகுக்குச் சில்லு ஏது? முன்பக்க விளிம்பில் வைத்துக் கும்பிட்டார். அது உருண்டு கால்வாய்க்குள் விழுந்தது. பக்கத்துப் படகுக்காரி உர்சுலா ஓடிவந்து மீன்வலையால் அதை அள்ளி எடுத்துத் துடைத்துத் திரும்ப அவர் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் என் சிநேகிதி. உன் அப்பாவோ தண்ணீருக்குப் பயந்தவர். கரையில் கட்டிய படகில் தேநீர் ஊற்றும்போதும் மிதவைச் சட்டையைக் கழற்ற மாட்டார். அவர் கயிறு எறிந்தால் கயிறு எங்கே விழும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வருகிறார். படகிலே அவர் வைக்கிற மீன்குழம்புக்கு உர்சுலா பாணோடு வந்து நிற்பாள்.

நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா? கோயில் திருவிழாவில் ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று கேட்டார். நான் ஊரைச் சொன்னேன். "அங்கை கடல் இல்லையே, பிறகென்ன வள்ளமும் வலையும்?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. உனக்கு அது விளங்காது, விளங்காமல் வளர்ந்ததே நல்லது. கடல் கடந்து அகதியாக வந்து, பனிக்குள் நின்று, ஒரே வரிசையில் ஒரே சூப்பை வாங்கிக் குடித்த மனிதர், இன்னும் யார் வள்ளம் ஓட்டலாம் யார் ஓட்டக்கூடாது என்று பிரித்துப் பார்க்கிறார். "ஓம் அண்ணை, நான் இப்ப கால்வாய் பக்கத்து ஆள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இவர்கள் பேச்செல்லாம் எனக்குத் தூசு. ஆனால் நீ அவர்கள் பக்கத்தில் போய் நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொட்டகைக்குள் தாங்கிகளில் வைப்பார்கள். மார்ச்சில் போய் அதன் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பூச்சுப் பூச வேண்டும். சீமெந்துத் தரையில் முழங்காலூன்றி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. அதைச் செய்துவிட்டு எழும்பியபோது வலது முழங்காலுக்குள் ஏதோ பிசகியது. பின்னேரம் ஒரு பலாக்கொட்டை அளவுக்குப் பக்கத்தில் வீங்கிவிட்டது. படி இறங்க முடியவில்லை, கோயிலில் தரையில் இருந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். எலும்பு மருத்துவரிடம் டெர்மின் என்கிற பார்வை நாள் எடுக்கத் தொலைபேசியில் காத்திருந்து காத்திருந்து அதில் போடுகிற பாட்டே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கிடைத்த நாளோ மே மாதத்தில். ஏப்ரலில் எல்லாருடைய படகும் தண்ணீரில் இறங்கியது. என்னுடையது மட்டும் வெறும் கொட்டகைக்குள் தனியாக நின்றது. இந்த வருடம்தான் ஹம்மிலிருந்து கால்வாய் கால்வாயாக உன் ஹம்பேர்க்வரை வருவது என்று குளிர்காலம் முழுவதும் வரைபடத்தை விரித்துவைத்துத் திட்டம் போட்டிருந்தேன். அது உனக்கும் தெரியும்.

டெர்மின் நாளில் லீவு போட்டு வந்தாய். அதற்கு நன்றி சொல்லாமல் விட மாட்டேன். ஆனால் அந்த அறைக்குள் நடந்ததை மறக்கவும் மாட்டேன். உன்னைவிட இளையவளாக இருந்த அந்த டொக்டர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், அதன் பிறகு உன்னையே பார்த்துப் பேசினாள். முழங்கால் என்னுடையது, அவள் பார்த்த முகம் உன்னுடையது. வலி எப்படி என்று உன்னைக் கேட்டாள். நீ சொன்னாய். எப்போதிருந்து என்று கேட்டாள். அதையும் நீயே சொன்னாய், பிழையாகச் சொன்னாய். கடைசியில், "உங்கள் அம்மா இந்தக் காலால் என்னவெல்லாம் செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். வைத்தியம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது, தம்பி. மலை ஏறுகிறவளுக்கு ஒரு வைத்தியம், கதிரையில் இருக்கிறவளுக்கு ஒரு வைத்தியம். நீ என் பக்கம் திரும்பவேயில்லை. "பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுக்குள் நடந்தால் போதும். கடைக்கு, கோயிலுக்கு, அவ்வளவுதான்" என்று டொச்சில் சொன்னாய். அவளும் தலையாட்டிவிட்டு வலிக் குளிசை எழுதினாள், காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாள். நீ என்னிடம் தமிழில், "பயப்பட ஒண்டுமில்லையாம் அம்மா, வயசுக்கு வாற தேய்வுதானாம்" என்றாய்.

எனக்கு டொச் விளங்காதா? நாற்பது வயதுக்கு மேல் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, சோதனை எழுதித் தேறி, இந்த ஊர்க் கிழவர் கிழவிகளின் ஏச்சையும் கொஞ்சலையும் கேட்டு வாழ்ந்தவள் நான். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வளர்ந்த பிள்ளை பிறத்தியார் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போது பெற்றவள் குறுக்கிட்டு, அது அப்படி இல்லை என்று சொல்லக்கூடாது. பிள்ளைக்கு முகம் விழுந்துவிடும். கோட்டுப் போட்டுக்கொண்டு, கணீரென்ற டொச்சில், அம்மாவுக்காக லீவு எடுத்து வந்திருக்கிற என் மகனை ஒரு டொக்டரின் முன்னால் பொய்யனாக்க எனக்கு மனம் வரவில்லை. உன் முகத்தைக் காப்பாற்றப் போய் என் காலைக் கைவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். "அவன் நல்லதுக்குத்தானே செய்யிறான், நீரும் கொஞ்சம் யோசியும்" என்றார். "நீங்கள் அந்த மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மா இருங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

நீ எனக்காகப் பேசத் தொடங்கியது இன்று நேற்றல்ல. பத்து வயதில் உன்னை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் கால் தரையில் முட்டாத கதிரை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நீளமாக ஏதோ சொல்லுவார், சிவந்துபோய்ச் சொல்லுவார். நீ என்னிடம், "பிறகு வரட்டாம் அம்மா" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவாய். என் மகன் எவ்வளவு சுருக்கமாக, கெட்டித்தனமாகச் சொல்கிறான் என்று எனக்குப் பெருமை பிடிபடாது, திரும்பும் வழியில் ஐஸ் வாங்கித் தருவேன். எனக்கு டொச் வந்த பிறகுதான், அந்த மனிதர் சொன்னவற்றில் எதையெல்லாம் நீ விழுங்கியிருப்பாய் என்று விளங்கியது. அந்தச் சின்ன வயதிலே அந்த வசவுகளை உன் காதோடு நிறுத்திவிட்டு எனக்கு நல்லதை மட்டும் தந்திருக்கிறாய். அதற்கு எத்தனை ஐஸ் வாங்கித் தந்தாலும் போதாது. ஆனால் மகனே, அன்று நீ வெட்டியது அவர்களுடைய சொல்லை. இன்று நீ வெட்டியது என்னுடைய சொல்லை. இரண்டும் ஒன்றல்ல.

முதியோர் இல்லத்தில் இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள். "அம்மாவுக்கு இனிப்பு வேண்டாம், அம்மாவுக்கு வெளியே போக விருப்பமில்லை, அம்மா களைத்துவிட்டார்" என்று எங்களிடம் வரிசையாகச் சொல்லுவார்கள். பக்கத்திலேயே அம்மா சக்கர நாற்காலியில் சிரித்துக்கொண்டு இருப்பாள். கார் புறப்பட்டதும் அவள் என் கையைப் பிடித்து, "கேக் மிச்சம் இருக்கிறதா?" என்பாள். தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் இருட்டும்வரை உள்ளே வர மாட்டாள். அந்தப் பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை, தாயில் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவர் பேசாமல் இருக்கிறார் என்பதற்காக அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது. நம் ஆட்கள் வலித்தாலும் தலையாட்டுவார்கள், பிடிக்காவிட்டாலும் சிரிப்பார்கள். நாளைக்கு நீ கல்யாணம் செய்து, பிள்ளை குட்டி என்று ஆனாலும் இதை மறக்காதே. அன்பு இருக்கிறது என்பதற்காக மற்றவரின் வாயை எடுத்து உன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன இலையுதிர் காலத்தில் படகிலிருந்து கரைக்குக் கால் வைக்கும்போது வழுக்கினேன், நீதான் பிடித்தாய். கரையேறி நின்ற பிறகும் என் கையை நீ விடவில்லை. அன்றைக்கே, "அம்மா, எனக்குப் பயமா இருக்குது, இதை விடுங்கோ" என்று சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் இருந்து சண்டை பிடித்திருக்கலாம். நான் கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், பிறகு சோறு சாப்பிட்டிருப்போம். நீ அதைச் செய்யவில்லை. சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டு, என் முழங்கால் நொந்ததும் அதைச் சாட்டாக வைத்துப் படகை விற்கக் கிளம்பிவிட்டாய். எனக்கு ஆத்திரம் அதில்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இங்கே வலி எனக்கு, முடிவு உனக்கு.

மாமியின் அழைப்பு வந்த அடுத்த நாளே நான் டொக்டரின் அலுவலகத்துக்குப் போய், டெர்மின் தரும்வரை எழும்ப மாட்டேன் என்று காத்திருப்பு அறையில் இருந்துவிட்டேன். வரவேற்பில் இருந்த பிள்ளைக்குச் சலித்து, யாரோ வராமல் விட்ட ஒரு இடத்தை எனக்குத் தந்தாள். டொக்டர் என்னைத் தனியாகக் கண்டதும், "மகன் வரவில்லையா? மொழிபெயர்க்க யார்?" என்று கேட்டாள். "நான் வந்திருக்கிறேன், காலும் வந்திருக்கிறது. வேறு யார் வேண்டும்?" என்று டொச்சில் கேட்டேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, அன்றைக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்றாள். "நீங்கள் என்னைக் கேட்கவில்லையே" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். உண்மையாகத்தான் கேட்டாள். பிறகு என் பக்கம் கதிரையைத் திருப்பிக்கொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

நான் ஷ்லொய்ச பற்றிச் சொன்னேன். கால்வாயில் தண்ணீர் மட்டம் மாறும் இடத்தில் இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே படகை விடுவார்கள், தண்ணீர் ஏறும், படகும் ஏறும். அப்போது கயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார முடியாது. சுவரில் இருக்கிற கட்டைகளில் கீழிருந்து மேலே மேலே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குனிய வேண்டும், நிமிர வேண்டும், விளிம்பில் காலை ஊன்ற வேண்டும். "அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில் நான் என் காலில் நிற்க வேண்டும். அதுதான் எனக்குத் தேவை" என்றேன். அவள் என்னை ஒரு படிப்பலகையில் ஏறச் சொன்னாள், இறங்கச் சொன்னாள், காலை மடக்கிப் பார்த்தாள், படம் எடுக்க அனுப்பினாள். தேய்வு இருக்கிறதுதான், உள்ளே சவ்வும் கொஞ்சம் கிழிந்திருக்கிறதாம். ஓய்வு கொடுத்துக் கொடுத்துத் தொடைத் தசை இளகிப்போனதால் வலி கூடியதாம். நீ எனக்கு வாங்கித் தந்த ஓய்வு! இப்போது கிழமைக்கு இரண்டு தரம் பயிற்சிக்குப் போகிறேன். அங்கே ஒரு பொடியன் என்னைப் பிழிந்து எடுக்கிறான், வீட்டுக்கு வந்து ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு அவனைத் திட்டுகிறேன். ஆனால் படி இறங்குகிறேன். ஜூலைக்குள் படகை இறக்கலாம், ஷ்லொய்சவில் கயிறு மாற்ற மட்டும் பலமான இன்னொருவர் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறாள். இலையுதிர் காலத்திலும் சரிவராவிட்டால் சத்திரசிகிச்சை பற்றிக் கதைப்போம் என்றாள். அவள் வாக்குறுதி ஒன்றும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஹம்பேர்க்வரை வர முடியுமோ தெரியாது. கால் எதுவரை விடுகிறதோ அதுவரை போவோம்.

ஆகையால், படகு விற்பனைக்கு இல்லை. குழுவில் நீ போட்டதை நீயே எடுத்துவிடு, பெரியப்பாவுக்கு நான் பதில் எழுதிக்கொள்கிறேன். கொட்டகைக்காரரிடம் பேசிவிட்டேன், ஜூலை முதல் கிழமை படகை இறக்குகிறார்கள். அப்பா அரிசியும் தூளும் கட்டத் தொடங்கிவிட்டார், பயத்தோடுதான்.

கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே என்று யோசித்தேன். உர்சுலாவைக் கேட்டேன், அவள் உடனே ஓம் என்றுவிட்டாள். உன்னை நான் கேட்கவில்லை. லீவு கிடைக்காது, தண்ணீர் பிடிக்காது, அம்மாவோடு ஒரு சின்னப் படகுக்குள் இரண்டு கிழமை அவனால் இருக்க ஏலாது என்றெல்லாம் உனக்காக நானே பதில் சொல்லிவிட்டேன். எழுதி முடிக்கும்போதுதான் பார்க்கிறேன், நீ எனக்குச் செய்ததை நானும் உனக்குச் செய்திருக்கிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். வருகிறாயா, தம்பி? உன் வாயால் சொல்.

அம்மா